மகள் வீடும் மறதி நோயும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்மேடாக நீண்டு கிடப்பது கல்லடி. 1920களில் எழுந்து ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கிய இரும்புப் பாலமும், 2013இல் அதன் பக்கத்தே திறக்கப்பட்ட புதிய பாலமும் அதனை நகரோடு இணைக்கின்றன. நிலாக்கால இரவுகளில் பாலத்தடியில் கேட்கும் மீனிசையால் இவ்வூர் பலர்க்கும் அறிமுகம். 1929இல் சுவாமி விபுலானந்தர் தோற்றுவித்த சிவானந்த வித்தியாலயத்தால் கற்றோர்க்கும் அறிமுகம். ஆதரவற்ற சிறுவர்க்கு இவ்வூரில் இராமகிருஷ்ண சங்கத்தார் இல்லம் அமைத்தனர். முதியோர்க்கென்று அக்காலத்தில் எவரும் இல்லம் அமைக்க முற்பட்டாரல்லர். அவர்கட்கு இல்லம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு மகள் வீடு என்று பெயர்.

கீழ்க்கரைத் தமிழரிடையே வழங்கும் இந்த ஏற்பாடு தமிழுலகின் ஏனைய பகுதிகளில் அரிதாகவே காணப்படுவது. இங்கே மணமகள் கணவன் வீட்டுக்குப் புகுவதில்லை. மணமகனே மணமகளின் வீட்டுக்கு வருகிறான். பெண் பிறந்த நாள் தொட்டே அவளுக்கொரு வீடு வேண்டுமென்ற கவலை பெற்றோரைப் பற்றிக்கொள்கிறது. மூத்தவள் மணமுடித்ததும், பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, சில காலஞ் சென்றபின் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீடு கட்டிக்கொண்டு இளைய பிள்ளைகளோடு பெயர்கின்றனர். அந்த வீடும் அடுத்தவளுக்குப் போகிறது. கடைசி மகளின் வீட்டிலே பெற்றோரின் பயணம் முடிகிறது. ஒரே வேலிக்குள் அல்லது ஒரே ஒழுங்கைக்குள் தாயும், மகளிரும், தாயின் சகோதரிகளும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் நிலை இதனால் உருவாயிற்று. குடி என்னும் மரபுரிமையும் இங்கே தாய்வழியே வருவது.

இந்த ஏற்பாட்டின் சொத்துப்பக்கம் சட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. மட்டக்களப்பிலே வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையை அடிப்படையாகக் கொண்டது. அதன் விதிகளைத் தொகுத்துக் கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பார் 1876இல் நூலாக வெளியிட்டார். அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் திருமண உரிமைக்கும் வழியுரிமைக்கும் பொதுவிதி வகுத்து, அப்பழைய சட்டத்தின் வலுவைப் போக்கிற்று. சட்டம் போயினும் வழக்கம் போகவில்லை. மகளுக்கு வீடு கொடுக்கும் முறை இன்றுவரை உயிரோடிருக்கிறது.

ஆயின், இப்பதிவுகளை ஆராயும் ஒருவர்க்கு ஒரு குறை புலப்படும். எந்த வயல் யாருக்கு, எந்த வளவு யாருக்கு என்பதற்குச் சான்றுகள் உள. அந்த வளவிலே படுத்த படுக்கையான பெற்றோரைக் குளிப்பாட்டியவர் யார், சோறூட்டியவர் யார், இரவில் விழித்திருந்தவர் யார் என்பதற்குச் சான்றில்லை. உறுதிப் பத்திரங்களில் நிலம் எழுதப்பட்டது, உழைப்பு எழுதப்படவில்லை. மகளுக்கு வீடு கொடுத்த பெற்றோர், தம் முதுமைக்கு அடைக்கலத்தையும் அதனோடு சேர்த்தே ஏற்பாடு செய்துகொண்டனர். இரண்டாவது பகுதி வாய்ச்சொல்லாகக்கூட வெளிப்பட வேண்டியிருக்கவில்லை. அனைவரும் அதனை அறிந்திருந்தனர்.

முதுமையில் நினைவு தடுமாறும் நிலை பண்டைத் தமிழர் அறியாததன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி நடக்கும் முதுமையில் நின்று கடந்துபோன இளமையை நினைந்து இரங்குகிறார். அங்கே நினைவே முதியவரின் கடைசிச் செல்வம். அச்செல்வமும் பறிபோகும் நிலைக்கு ஈழத்துத் தமிழர் ‘அறளை பெயர்தல்’ என்று ஒரு பெயர் வைத்திருந்தனர். ‘மனிசிக்கு அறளை பேந்திட்டுது’ என்று சொன்னால் வீட்டார்க்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. நரை திரை போன்று அதுவும் வயதின் இயல்பென்று கொள்ளப்பட்டது. இக்கருத்தில் ஒரு நன்மை இருந்தது: முதியவர் பைத்தியக்காரரென்று ஒதுக்கப்படவில்லை. தீமையும் இருந்தது: நோயென்று அறியாததால் பேணுபவரின் துன்பத்துக்குப் பெயர் கிட்டவில்லை. பெயரற்ற துன்பத்துக்கு உதவி கேட்பது எங்ஙனம்?

மேனாட்டிலும் அப்பெயர் எளிதிற் கிட்டிவிடவில்லை. 1901ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு அகஸ்ரே டீற்றர் என்னும் 51 வயதுப் பெண்மணி கொண்டுவரப்பட்டார். அவருடைய கணவர் இரயில்வேயில் பணியாற்றியவர். அப்பெண்மணி முதலிற் காட்டிய குறி கணவர்மீது காரணமற்ற ஐயம். பின்னர்ப் பொருள்களை ஒளித்து வைத்தல், சமையலில் தடுமாறல், வீட்டினுள்ளே அமைதியின்றி அலைதல் என நோய் வளர்ந்தது. வீட்டில் வைத்துப் பேண இயலாத நிலையிலேதான் கணவர் வைத்தியசாலையை நாடினார். அங்கே அப்பெண்மணியை ஆராய்ந்த வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் நோயாளி இறந்தபின் மூளையை நுணுகி ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் தியூபிங்கன் நகரில் தம் முடிவுகளைக் கூறினார். 1910இல் கிரேப்பலின் தமது பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். அகஸ்ரேயின் நோய்க்குறிப்புக் கோப்பு 1995இல் பிராங்பேர்ட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அல்சைமரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. நோயாளியின் பெயரும் அறியப்பட்டது. வைத்தியசாலைக்கு வருமுன் வீட்டிலே அந்நோயைத் தாங்கியவரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர்.

அதன்பின் ஏறத்தாழ அறுபதாண்டுகள், அல்சைமர் நோயென்பது நடுவயதினரை அரிதாகப் பீடிக்கும் ஒன்றென்றே வைத்தியர்கள் கருதினர். முதியவரின் மறதி வேறு, அது மூப்பின் விளைவு என்றனர். அறளை பெயர்ந்ததென்ற நம் ஊரார் கருத்துக்கும் அவர்தம் கருத்துக்கும் பெரிய தூரமில்லை. 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெசெட், தொம்லின்சன், ரொத் ஆகியோர் மறதியுற்ற முதியோரின் மூளைகளை ஆராய்ந்து, அல்சைமர் கண்ட அதே மாற்றங்களை அங்கும் கண்டனர். 1976இல் அமெரிக்க வைத்தியர் றொபேர்ட் காட்ஸ்மன், இது அரிய நோயன்று, முதியோரைக் கொல்லும் முக்கிய நோய்களுள் ஒன்று என வலியுறுத்தினார். அன்று தொட்டே முதியோர் மறதி நோயென மதிக்கப்படலாயிற்று.

மேனாட்டிலே நோய்க்குப் பெயர் நிலைபெற்ற அதே காலப்பகுதியில், கல்லடியிலே நோயைத் தாங்கிய ஏற்பாடு அடி தளரத் தொடங்கியது. அதன் காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது, ஆயுள் நீண்டமை. 1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14 ஆக வீழ்ந்தது. மலேரியாவை அடக்க டி.டி.டி. தெளித்தமையும், வைத்தியசாலைகள் பெருகியமையும், உணவு நிலை சீர்ப்பட்டமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படும். 1946இல் நாற்பத்துச் சொச்சமாக இருந்த சராசரி ஆயுட்காலம் இன்று 75 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12 பேருக்கு மேல். மறதி நோய் வயதோடு வளர்வது. முற்காலத்தில் அந்த வயதை எட்டியவர் சிலர். ஆகவே நோயுற்றோரும் சிலர்.

இரண்டாவது, கைகள் குறைந்தமை. 1950களின் தொடக்கத்தில் இந்நாட்டுப் பெண்ணொருத்தி சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பெற்றாள். நூற்றாண்டு முடிவில் அத்தொகை இரண்டை அண்டிவிட்டது. ஐந்து பிள்ளைகளில் இரண்டு மூன்று மகளிர் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த காலத்தில், ஒருத்தி சமைக்க மற்றவள் தாயைக் குளிப்பாட்டினாள். ஒருத்தி நோயுற்றால் பெரியம்மாவோ சின்னம்மாவோ வந்து நின்றனர். இன்று ஒருத்தியே சமைத்து, குளிப்பாட்டி, விழித்திருந்து, காலையில் பாடசாலைக்கோ கந்தோருக்கோ போகவும் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, ஊர் சிதறியமை. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளையும் தென்னைகளையும் சாய்த்தது. 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட போர்க்காலத்தில் பல பிள்ளைகள் மாண்டனர். பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயினர். மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களும் பலர். பிறர் வீட்டு முதியவரைப் பேணச் சென்ற மகளின் சொந்தத் தாயை இங்கே யாரோ பேண நேர்ந்தது. பின்னர் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கல்லடி, நாவலடி, டச்பார் ஆகிய கரையோரப் பகுதிகள் பெரும் அழிவுற்றன. அன்று அழிந்தவை வெறுஞ் சுவர்களல்ல. தாய் ஒரு வீட்டிலும் மகள் மறு வீட்டிலுமாக அடுத்தடுத்து அமைந்திருந்த பேணல் ஒழுங்கே அவற்றோடு குலைந்தது. மீள்குடியேற்றத்தில் வீடு கிடைத்தோர்க்கும் பழைய அயல் பலவேளை கிடைக்கவில்லை.

இனி, நோய் வீட்டினுள்ளே செய்வது யாதென நோக்குவோம். 1881இல் பிரெஞ்சு அறிஞர் தியோடியூல் றிபோ நினைவு நோய்களைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விதியை எடுத்துரைத்தார்: அண்மைக்கால நினைவுகளே முதலில் அழியும், பழையவை நெடுநாள் நிற்கும். இவ்விதியைக் கல்லடி வீட்டு முறையோடு பொருத்திப் பார்த்தல் தகும். இங்குள்ள முதிய தாயொருத்தி தன் வாழ்நாளில் இரண்டு மூன்று வீடுகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்தவள். கடைசி வீடே அவள் நினைவிலிருந்து முதலிற் கழிகிறது. ஆகவே கடைசி மகளின் முற்றத்தில் நின்றுகொண்டு, ‘எனக்கு வீட்ட போகோணும்’ என்று அழுகிறாள். அவள் தேடும் வீடு மூத்தவளுக்குக் கொடுத்த வீடாக இருக்கலாம். தன் தாயின் வீடாகவும் இருக்கலாம். கரையோரத்தில் கடல் கொண்டுபோன வீடாகவும் இருக்கலாம். ‘இதுதானே அம்மா வீடு’ என்று மகள் நாளொன்றுக்கு இருபது தடவை சொல்கிறாள். இருபதும் வீணாகிறது.

இரவிலே இத்தேட்டம் பெரும் ஆபத்தாகிறது. மேற்கே வாவி, கிழக்கே கடல். படலையைத் திறந்துகொண்டு போகும் முதியவர் எத்திசையில் நடந்தாலும் நீரை அடைவார். எனவே மகள் படலையைப் பூட்டுகிறாள். தன் பாயைக் கதவடியில் விரிக்கிறாள். பகலெல்லாம் உழைத்தவளுக்கு இரவும் உறக்கமில்லை. 1981இல் அமெரிக்காவில் நான்சி மேசும் பீட்டர் றாபின்சும் பேணுவோர்க்கென எழுதிய கைந்நூலுக்கு ‘36 மணிநேர நாள்’ என்று பொருள்படத் தலைப்பிட்டனர். அத்தலைப்பின் பொருத்தம் இந்தக் கதவடிப் பாயில் தெளிவாகும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. வைத்த இடம் மறந்துபோன காப்பையோ பணத்தையோ காணாத முதியவர், அதனை யாரோ திருடினாரென்று எண்ணுகிறார். இது நோயின் குறிகளுள் ஒன்று. அப்பழி பெரும்பாலும் மிக அருகே நிற்பவர்மேலேயே விழுகிறது. மாதத்துக்கொரு முறை பழத்தோடு வந்துபோகும் மகள் நல்லவளாகிறாள். நாள்தோறும் மலசலம் துடைப்பவள் கள்ளியாகிறாள். வந்துபோகும் உறவினர் அதனை நம்பிவிட்டால், பேணுபவளின் மனம் முறிகிறது.

இங்கே சீதன வீடு மீண்டும் வழக்குக்கு வருகிறது. ‘கடைசி வீட்டை வாங்கினவள்தானே, அவளே பார்க்கட்டும்’ என்பது சகோதரிகளிடையே எழும் பேச்சு. ‘பெண்பிள்ளையள் வீடு வளவெல்லாம் கொண்டு போனவையள், எங்களுக்கென்ன கடமை’ என்பது ஆண்மக்கள் சிலரின் வாதம். இவ்வாதம் பழைய ஏற்பாட்டின் சொல்லைப் பற்றிக்கொண்டு அதன் பொருளைக் கைவிடுவது. வீடு ஒருத்திக்குக் கொடுக்கப்பட்டபோது, அவளைச் சூழப் பல வீடுகள் இருந்தன. நோயுற்றவர் ஓரிரு ஆண்டில் மாய்ந்தனர். இன்று மறதி நோய் பல ஆண்டுகள் நீடிக்கிறது. நான்கு சுவரும் ஓடும் கொடுத்ததற்கு ஒருத்தியின் பத்தாண்டு வாழ்வு ஈடாகுமென்று அக்காலப் பெற்றோர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

நம் பண்பாட்டில் பிள்ளைகள் பெற்றோரைப் பேணுகின்றனர், ஆகவே இத்தகைய இடர் மேனாட்டார்க்கே உரியதென்று சிலர் கருதுவர். ஆராய்ச்சிகள் அதனை ஒப்பவில்லை. சென்னைக்கு அருகேயுள்ள திருப்போரூர்ப் பகுதியிலும் கேரளத்துக் கிராமங்களிலும் 1990களில் நடந்த ஆய்வுகள் மறதி நோய் அங்கும் உண்டெனக் காட்டின. இலங்கையில் றாகமைப் பகுதியில் 65 வயதைக் கடந்தோரிடையே நடத்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் அதனைக் கண்டது. வைத்தியர் சாஜியும் துணைவரும் அதே 2003இல் வெளியிட்ட கேரள ஆய்வு பேணுவோரின் வாய்மொழியைக் கேட்டு எழுதப்பட்டது. பேணுவோரிற் பெரும்பாலோர் பெண்கள். நோயின் செயல்களை முதியவரின் பிடிவாதமென்றோ வேண்டுமென்று செய்யும் தொல்லையென்றோ பலர் எண்ணியிருந்தனர். கூட்டுக்குடும்பத்தின் பெயர் இருந்த இடத்திலும் பாரம் ஒருத்தியின் தோளிலேயே இருந்தது.

அந்தப் பாரத்தை அளக்க முடியுமென்று 1980இல் ஸ்ரீவன் சரிற் என்னும் அறிஞரும் துணைவரும் காட்டினர். அவர்கள் ஆக்கிய வினாத்தொகுதி உலகெங்கும் இன்று பயன்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2021இல் மறதி நோயுற்றோர் 5 கோடி 70 இலட்சம். குடும்பத்தினரும் நண்பரும் நாளொன்றுக்குச் சராசரி 5 மணிநேரம் அவர்களைப் பேணுவதிற் செலவிடுகின்றனர். பேணும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது. பிறிற்றோவின் காலத்தில் எவரும் எழுதி வைக்காத கணக்கு இதுவே.

அரசு என்ன செய்தது? முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்துகிறது. கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையை நாட வழிசெய்கிறது. நல்ல சட்டம். எனினும் அதன் கண் கைவிடும் பிள்ளைமேலேயே உள்ளது. கைவிடாத பிள்ளை களைத்து விழுவதைப் பராமரிப்புச் சபையால் தடுக்க இயலாது. 2001இல் கொழும்பிலே இலங்கை அல்சைமர் மன்றம் தோன்றி நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவி வருகிறது. கொழும்பு கல்லடிக்கு வெகு தூரம்.

தூரத்தைக் குறைக்கும் வழியொன்றைக் கோவாவிலே செய்து பார்த்தனர். உள்ளூரிலேயே தெரிந்தெடுத்துப் பயிற்சியளிக்கப்பட்ட சாதாரண மக்கள் நோயாளியின் வீடு தேடிச் சென்றனர். இது நோய், எவர் குற்றமும் அன்று என விளக்கினர்; குளிப்பாட்டவும் ஊட்டவும் எளிய வழி கற்பித்தனர்; மற்ற உறவினரை அழைத்து வேலையைப் பங்கிடச் செய்தனர். வேண்டியவிடத்து வைத்தியரை வரவழைத்தனர். 81 குடும்பங்களில் நடந்து 2008இல் வெளியான இவ்வாய்வின்படி பேணுவோரின் மனநலம் தேறிற்று. பெரிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ அதற்குத் தேவைப்படவில்லை. வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் பார்க்கும் மருத்துவிச்சியரை நெடுங்காலமாக அறிந்த நாட்டில், முதியோரையும் பேணுவோரையும் பார்க்கும் ஒருவரை எண்ணிப் பார்த்தல் அரிதன்று.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியவை சில உள. மறதி தோன்றியதும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தைரொயிட் குறைவு, உயிர்ச்சத்து பீ 12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும், அவை மாற்றத்தக்கவை. உண்மையான மறதி நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆதலால் பேணுதலே பெரும் மருந்து. அம்மருந்தைக் கொடுப்பவள் தளராதிருத்தல் வேண்டும். கடல் கடந்த சகோதரர் பணம் அனுப்புவதோடு அமையாது, அதில் ஒரு பகுதியைக் கிழமைக்கு இரண்டு இரவு துணைக்கு ஆள் வைப்பதற்கென்றே ஒதுக்கலாம். அயலிலுள்ள சகோதரி மாதத்தில் ஒரு கிழமை தாயைத் தன் பொறுப்பில் ஏற்கலாம். ஆண்மக்கள் தந்தையைக் குளிப்பாட்டுவதில் இழுக்கொன்றுமில்லை. ‘அக்கா, நீ போய்ப் படு, இண்டைக்கு நான் பாக்கிறன்’ என்ற ஒரு சொல் பல வேளைகளில் மருந்தினும் மேலானது.

கீழ்க்கரைப் பெற்றோர் தம் மகளிர்க்கு வீடு கட்டிக் கொடுத்தது அவர்களைக் கட்டிப்போடும் பொருட்டன்று. மணமான பெண் தனித்து நிற்கலாகாது, தாயும் தமக்கையரும் கூப்பிடு தூரத்தில் இருத்தல் வேண்டுமென்ற நல்லெண்ணமே அம்மரபின் வேர். மறதியுற்ற தாயோடு ஒரு மகளைத் தனியே விட்டுவிட்டு, வீடு பெற்றவளென்று அவளுக்குக் கணக்குக் காட்டுவது அம்மரபைக் காப்பதாகாது. அவள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உறவும் ஊரும் அரசும் நிற்றலே அதனைக் காப்பதாகும்.